ஐந்தாவது வாங்கு

மிச்சம் வந்த சுருள்கள் இருபத்துமூன்றாக இருக்கவேண்டும். மேர்லின் மேசையில் பரப்பி மூன்றாம் தடவையும் எண்ணினாள். இருபத்துநான்கு இருந்தன.

வருடக் கடைசி இரவு ஆராதனைக்கென்று எண்பத்துநான்கு வாக்குத்தத்த வசனங்களைத் தன் கையாலேயே எழுதி, விரல் நீளத்துக்குச் சுருட்டி, வெள்ளைத் தையல்நூலால் கட்டிக் காணிக்கைத் தட்டில் அடுக்கியவள் அவள். புதுவருடம் பிறந்ததும் சபையார் உட்கார்ந்திருந்த நீள வாங்குகளிலிருந்து வாங்கு வாங்காக எழுந்துவந்து ஆளுக்கொன்று எடுத்தார்கள். அறுபத்தொரு பேர். தட்டுக்குப் பக்கத்தில் நின்று எண்ணியவளும் அவள்தான். இப்போது மிச்சத்தை அவிழ்த்துப் பட்டியலோடு ஒப்பிட்டால், இருபத்துநான்கும் அவள் எழுதியவை. அப்படியென்றால் யாரோ ஒருவர் எடுத்துப்போனது அவள் எழுதாத சுருள்.

வேறு ஒருத்தியாக இருந்தால் கைப்பிழை என்று விட்டிருப்பாள். மேர்லினுக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது. மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், மருந்துக்கடையில் குளிசையை எண்ணுவாள், போதகர் பிரசங்கத்தில் சொன்ன வசனம் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறதா என்று வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்ப்பாள். ஐம்பது வயதில் இந்தக் குணம் அவளுக்குப் பல தடவை உதவியிருக்கிறது. ஆகையால் அதைத் திருத்த அவள் ஒருநாளும் முயன்றதில்லை.

செட்டிபாளையத்துக்குத் தெற்கே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் நெருக்குகிற அந்தக் கிராமத்தில் மெதடிஸ்ற் குடும்பங்கள் முப்பதுக்குள்தான். அவர்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. வாக்குத்தத்தச் சுருளைக் கோயிலில் பிரிக்கமாட்டார்கள். அவரவர் வேதாகமத்துக்குள் வைத்திருந்து, வருடத்தின் முதல் ஞாயிறு மாலை வீட்டு ஜெபத்தில்தான் பிரித்து வாசிப்பார்கள். அந்த வசனம் அந்த வருடம் முழுக்க அந்த ஆளுக்கானது. எடுத்தது எடுத்ததுதான். பிடிக்கவில்லை என்று மாற்றக்கூடாது, இன்னொருவரோடு கைமாற்றவும் கூடாது.

இன்று அந்த முதல் ஞாயிறு.

மாரி மழை காலையிலிருந்து விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. கணவர் டொமினிக் நெஞ்சுச்சளியையும் பாராமல் குடையோடு கடைப்பக்கம் போயிருந்தார். மகன் தினுஷன் அறைக்குள் பை கட்டிக்கொண்டிருந்தான். வந்தாறுமூலை வளாகத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறான், நாளைக் காலை விடுதிக்குத் திரும்பவேண்டும். பின்வாசல் வழியாக வாவியின் வாடை வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. அழுகிய பாசியும் சேறும் இறால் ஓடும் கலந்த வாடை. பிறந்ததிலிருந்து மோந்து பழகியதுதான். இன்று ஏனோ அது சமையலறையைத் தாண்டி நடுவீடு வரைக்கும் வந்து, மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டது.

போன வருடமும் ஒன்று கூடத்தான் வந்தது. அதற்கு முந்தின வருடமும்.

அவள் எழுதாத வசனத்தை முதலில் கண்டது பீற்றிஸ் அக்காவின் செத்தவீட்டில். டெங்கு வந்து ஆறாம் நாள் போய்விட்டாள். அலுமாரிக் கண்ணாடியில் அந்த வருடத்துச் சுருளைப் பசை போட்டு ஒட்டியிருந்தாள். செங்கடல் பிளந்து சனங்கள் நடுவே நடந்து போன இடம். எழுத்து மேர்லினுடைய எழுத்து. அவளுடைய பட்டியலில் மட்டும் அது இல்லை. எழுதும்போது பதிய மறந்திருப்பேன் என்று நினைத்தாள். பிறகு யோசித்துப் பார்த்தால், அதற்கு முந்தின வருடம் மாரடைப்பில் போன தச்சுவேலை நேசையாவின் சவப்பெட்டிக்குள் வைத்த சுருளும் ஞாபகம் வந்தது. யாக்கோபு ஆற்றுத்துறையில் இராத்திரி தனியே நின்ற இடம். பீற்றிஸ் அக்காவுக்கு அடுத்த வருடம் தபால்காரர் அருமைநாதன், தென்னையிலிருந்து விழுந்தவர். யோர்தானின் நடுவில் பன்னிரண்டு கற்களை நாட்டிய இடம். போன வருடம் கெவின், இருபத்தாறு வயதுப் பிள்ளை, மோட்டார்சைக்கிளோடு பாலத்தடியில் கிடந்தான். எலியா சால்வையால் அடித்து ஆற்றைப் பிரித்துக் கடந்த இடம்.

"அவனுக்கு அந்த வசனம் மனசுக்குப் புடிக்கல்லக்கா," என்று கெவினின் தாய் அழுதழுது சொன்னாள். "கிழிச்சி அடுப்புக்குள்ள போட்டுட்டு, கோயில்ல மிச்சமிருந்ததில வேற ஒண்டு எடுத்துக்கு வந்தான். அப்பிடியிருந்தும் போயிட்டானே."

நான்கு பேர். நான்கு இடத்திலும் தண்ணீரைக் கடக்கிறார்கள். போதகரிடம் சொல்லலாம். அவர் பரிவோடு கேட்டுவிட்டு, அக்கா உங்களுக்கு ஓய்வு வேண்டும், அடுத்த வருடம் சுருள் எழுத வேறு ஆளைப் போடுவோம் என்பார். மேர்லின் சொல்லவில்லை. வீட்டுக்குள்தான் பார்வையைத் திருப்பினாள்.

டொமினிக் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பது வருடம் படம் வரைந்தவர். எவருடைய எழுத்தையும் அச்சுப்போல எழுதிக்காட்டுவார். சிக்குன்குனியா வந்து அவளுக்கு விரல் மடங்காமல் கிடந்த ஒரு வருடம், பாதிச் சுருள்களை அவர்தான் அவளுடைய எழுத்திலேயே எழுதினார். எது யாருடையது என்று அவளுக்கே பிரித்தறிய முடியவில்லை. ஓய்வு பெற்ற பிறகு மனிதர் வேதாகமமும் கையுமாகத்தான் இருக்கிறார். பக்தி கூடிவிட்டதாக ஊர் நினைத்தது. பக்தி உள்ளவர் வசனத்தை வாசிப்பார், இவர் அளக்கிறாரே என்று மேர்லின் நினைத்தாள். பெண்சிலும் அடிமட்டமுமாக உட்கார்ந்து, பக்கத்துக்குப் பக்கம் கோடு போட்டு, அவள் கிட்டப் போனால் கொப்பியை மூடிவிடுவார்.

இன்று அந்தக் கொப்பியைப் பார்த்தே தீருவது என்று எழுந்தாள்.

அது அவருடைய மேசை இழுப்பறையில் அளவுகோல்களுக்கு அடியில் இருந்தது. முதல் பக்கங்களில் வேதாகமத்தில் யார் யார் எந்தத் தண்ணீரைக் கடந்தார்கள் என்ற வரிசை. ஒவ்வொன்றுக்கும் எதிரில் சின்னக் குறிப்பு. யாக்கோபு எல்லோரையும் அனுப்பிவிட்டுத் தனியே மிஞ்சினான். செங்கடலில் துரத்தி வந்தவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. சனமெல்லாம் யோர்தானைக் கடந்தது, மோசே கடக்கவில்லை. அக்கரைக்குப் போனது எலியாவும் எலிசாவும், திரும்பி வந்தது ஒருவர். கடைசியில் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு: "கடக்கும்போதெல்லாம் ஆள் குறைகிறது."

அடுத்த பக்கத்தில் அவர்களுடைய கோயில். அளவெடுத்து வரைந்த படம். வாவிப் பக்கத்து வாங்குகள் வாசலிலிருந்து வரிசையாக, ஒவ்வொன்றிலும் யன்னலோரத்து இடத்தில் ஒரு புள்ளி. முதல் வாங்கில் நேசையா. இரண்டாவதில் பீற்றிஸ். மூன்றாவதில் அருமைநாதன். நான்காவதில் கெவின். பெயருக்குப் பக்கத்தில் வசனம். வேதத்தின் ஒழுங்கு மாறாமல் ஆதியாகமம், யாத்திராகமம், யோசுவா, இராஜாக்கள்.

ஐந்தாவது வாங்கு இவர்களுடையது. அதன் யன்னலோரத்தில் பெண்சிலால் மெல்லிதாக ஒரு பெயர்.

தினுஷன்.

கீழே ஒரு குறிப்பு. அடுத்தது சுவிசேஷமாகத்தான் இருக்கும், மாற்கு. அந்தி நேரத்தில் மறுகரைக்குப் போகலாமென்று சீடரைக் கூப்பிட்ட இடம். "வேறு படகுகளும் கூடப் போனதாக எழுதியிருக்கிறது. புயல் அடங்கியபின் அந்தப் படகுகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எங்கே போயின?"

மேர்லின் கொப்பியை மேசையில் வைத்தாள். கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். வருடக் கடைசி ஆராதனையில் அந்த யன்னலோரத்தில் இருக்கப்போவது தானேதான் என்று டொமினிக் பிடிவாதம் பிடித்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. தூவானம் அடிக்குது, சளி கூடிரும், இங்கால வாங்க என்று அவரை இழுத்து இருத்தி, அந்த இடத்துக்கு மகனை அனுப்பியது அவள்தான். எதற்காகப் பிடிவாதம் பிடித்தார்? தெரிந்திருந்ததால்தானே? எப்படித் தெரியும்? எழுதினவனுக்குத்தான் தெரியும். எழுதினவன்தான் தட்டில் எந்த ஓரத்தில் எதை வைப்பது, யார் கை எங்கே போகும் என்று அறிவான். முப்பது வருடம் ஒரே பாயில் படுத்த மனிதரைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் நினைத்தாள்.

மூன்று வேதாகமங்களும் நடுவீட்டு மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. மகனுடையதை எடுத்தாள். கை வைத்ததுமே தெரிந்தது. மாரிகாலத்தில் தாள் பதத்துப்போவது வழக்கம்தான், ஆனால் இது வெறும் ஈரப்பதம் இல்லை. பக்கங்கள் சொதசொதவென்று ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் சுருள். நூல் கறுத்திருந்தது. முகர்ந்து பார்த்தாள்.

பாசி. சேறு. இறால் ஓடு.

கணவருடையதைத் திறந்தாள். காய்ந்த சுருள், வெள்ளை நூல். அவளுடையதும் அப்படியே.

கிழிக்கலாமா? கெவின் கிழித்தான், எரித்தான், வேறொன்றும் எடுத்தான். அது கிழித்தால் போகிற ஒன்றல்ல. அதற்கு ஓர் ஆள் வேண்டும். மேர்லின் தன் வேதாகமத்தைத் திறந்து ஈரச் சுருளை அதற்குள் வைத்தாள். இதைச் சொல்லத்தான் வேண்டும், வைத்தாள். பெற்ற வயிறு வேறென்ன செய்யும்? பிறகு அதை மூடப் போனவள் மூடவில்லை. சாக அவளுக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்கு ஒரு நியாயமும் உடனே கிடைத்தது. எழுதினவரே வாசிக்கட்டும். அவர் எழுதவில்லையென்றால் அவருக்கு ஒன்றும் வராது.

இந்த நியாயம் உருப்படியானதா என்று அவள் எண்ணிப் பார்க்கவில்லை. ஈரச் சுருளை எடுத்துக் கணவருடைய வேதாகமத்தில் வைத்தாள். அவருடைய காய்ந்த சுருளை மகனுடையதில் வைத்தாள். ஈரப்பக்கங்களைச் சீலைத் தலைப்பால் ஒற்றி மூடினாள். வெளியே படலை கிறீச்சிட்டது. கொப்பி மறுபடி இழுப்பறைக்குள் போயிற்று.

டொமினிக் நனைந்த குடையை விறாந்தையில் விரித்து வைத்துவிட்டு வந்தார். கையில் மகனுக்குப் பிடித்த சீனிச் சம்பல் பணிஸ் பொட்டலம்.

"தின்னுறானா கேளு," என்றார்.

"அவன் பை கட்டுறான். நீங்க தலையத் துடைங்க."

அவர் தலையைத் துடைக்கவில்லை. அறை வாசலில் நின்று மகனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னப்பா என்று அவன் கேட்டதும் ஒன்றுமில்லை என்று திரும்பினார். கண் கலங்கியிருந்தது. குற்றம் செய்தவனின் கண் என்று மேர்லின் முடிவு செய்தாள். முடிவு செய்ததும் மனம் கொஞ்சம் இலேசானது.

ஆறு மணிக்குக் கரண்ட் போனது. மழை விட்டிருந்தது. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் சூரியன் விழுந்த இடம் மட்டும் அழுக்குச் சிவப்பாகக் கிடந்தது. அவள் சமையலறைக்குள் விளக்குத் தேடினாள். தீப்பெட்டி பதத்துப்போய் ஐந்தாறு குச்சி வீணானது. ஓட்டு நுனியிலிருந்து சொட்டுகிற சத்தம், தவளைச் சத்தம், அதற்குப் பின்னால் வாவி கரையை நக்குகிற சத்தம். அந்தச் சத்தம் வழக்கத்தைவிடக் கிட்டத்தில் கேட்பதாக அவளுக்குத் தோன்றியது. பின்வாசலை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் கிணற்றடிக்கு இங்கால் வந்திருந்தது. மாரியில் வருவதுதான், என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

விளக்கோடு வந்தபோது இருவரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். வேதாகமங்கள் அவரவர் மடியில். டொமினிக் ஜெபம் பண்ணினார். வழக்கமாக நாடு, சபை, வியாதியஸ்தர் என்று நீட்டுபவர் இன்று மகனுக்காக மட்டும் ஜெபித்தார். முடித்ததும் தன் சுருளை எடுத்தார்.

மேர்லின் நூலைத்தான் பார்த்தாள்.

நூலை அவிழ்த்தார். நூல் வெள்ளையாக இருந்தது.

அவர் விளக்கருகே தாளைப் பிடித்தார். நரைவயது வரைக்கும் தாங்கிச் சுமப்பதாக ஏசாயாவில் வருகிற வாக்கு. பட்டியலில் முப்பத்தோராவது. அவள் எழுதியது. காய்ந்த தாள், விளிம்பு சரசரத்தது. நீண்ட ஆயுளைச் சொல்லுகிற வசனம்தானே? பிறகு ஏன் அந்த மனிதரின் முகம் அப்படி வெளிறுகிறது?

"ஆமென்," என்றான் தினுஷன். வசனம் வாசித்தால் கேட்டவர்கள் ஆமென் சொல்லவேண்டும். அவள் வாயும் தானாகச் சொன்னது.

டொமினிக் தாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி வாசித்தார்.

"இது இல்ல," என்றார். "இதில்ல, மேர்லின். இது என்ட."

"என்ன சொல்லுறீங்க?"

"நான் மாத்தினன். நீ விளக்கு எடுக்கப் போனியே, அப்ப. இருட்டில அவசரமா. அவன்ட சுருள் எனக்கு, என்ட அவனுக்கு. வரிசை அவனில வந்து நிக்கிது, மேர்லின். நான் கணக்குப் பாத்திட்டன். கோயில்லயே அந்த எடத்தில நான் இருக்கப் பாத்தன், நீ விடல்ல. அதான் இப்ப..."

அவளுக்கு எல்லாம் விளங்கிற்று. ஒரேயடியாக. அவள் செய்யப் பயந்ததை அவர் செய்திருக்கிறார். அவள் சந்தேகப்பட்ட அந்தக் கை, மகனுடைய சாவைத் தன் மடிக்கு எடுக்கத்தான் நீண்டிருக்கிறது. அதற்கு முன்பே அவள் அதை இவருடைய மடியில் வைத்திருந்தாள். இவர் அதையே எடுத்துத் திரும்பவும் மகனுக்குக் கொடுத்துவிட்டார்.

"நான்..." என்றாள். "நான் பின்னேரமே..."

டொமினிக் அவளைப் பார்த்தார். அவருக்கும் விளங்கியது. அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை.

"மனே! அதத் தொடாத!"

இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பிந்திவிட்டது. தினுஷனின் விரலில் கறுத்த நூல் சுற்றியிருந்தது. தாள் விரிந்துவிட்டது. அதிலிருந்து ஒரு சொட்டு. பாயில். இன்னொரு சொட்டு.

"என்னம்மா, ரெண்டு பேரும் ஒரு மாதிரி இரிக்கிறீங்க?" என்று சிரித்தான். "வசனம்தானே?"

"வாசிக்காத. தா இஞ்ச. அம்மாட்டத் தா."

அவன் வாசித்தான். சத்தமாக, ஞாயிறு பள்ளியில் வாசிக்கிற பிள்ளையைப் போல. அந்தி நேரம். மறுகரை. படகு. கூடப் போன வேறு படகுகள்.

வாசித்து முடித்து அவர்களைப் பார்த்தான். ஆமெனுக்காகக் காத்திருந்தான்.

மேர்லின் வாயைப் பொத்திக்கொண்டாள். டொமினிக் பல்லைக் கடித்தார். சொல்லமாட்டோம். சொன்னால்தானே அது பலிக்கும். விளக்குத் திரி சடசடத்தது. தவளைகள் நின்றன. ஓட்டுச் சொட்டு நின்றது.

பின்வாசலுக்கு வெளியே, தண்ணீர்ப் பக்கமிருந்து, பல குரல்கள் சேர்ந்து, அவசரமில்லாமல், ஆறுதலாக,

"ஆமென்."

பெண் குரலும் இருந்தது. அவளுக்குத் தெரிந்த குரல்.

தினுஷனின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் அவர்களை விட்டுப் போய்விட்டது. வேதாகமத்தைப் பாயில் வைத்தான். எழுந்தான்.

"வாறன்," என்றான். தாயிடம் அல்ல.

"மனே. மனே, எங்க போறாய்? இஞ்சாருங்க, புடிங்க அவன!"

டொமினிக் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். மேர்லின் கையைப் பிடித்தாள். கை குளிர்ந்து, வழுவழுத்து, ஆற்றுமீன்போல நழுவியது. அவன் இழுக்கவில்லை, திமிறவில்லை. நடந்தான். பெற்றோர் இருவரும் அவனோடு சேர்ந்து சமையலறைத் தரையில் இழுபட்டார்கள். பின்வாசல் திறந்தே கிடந்தது.

அப்போது கரண்ட் வந்தது. பின்வாசலுக்கு வெளியே வளவு பல்பு பளிச்சென்று எரிந்தது.

தண்ணீர் வாசல்படிவரைக்கும் வந்திருந்தது. பல்பு வெளிச்சம் எட்டுகிற தூரத்தில் நான்கு பேர் இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக நின்றார்கள். பெட்டிக்குள் வைத்தபோது உடுத்தியிருந்த அதே உடுப்புகள். நேசையாவின் கோட்டு, பீற்றிஸ் அக்காவின் கலியாணச் சீலை. ஆமென் சொன்ன வாய்கள் இன்னும் மூடவில்லை. அவற்றுக்குள்ளிருந்து தண்ணீர் மெல்ல வழிந்துகொண்டிருந்தது.

தினுஷன் முதலாவது படியில் கால் வைத்தான்.

வரிசையின் இந்தப் பக்கத்தில் நின்ற கெவின், பிந்தி வந்தவருக்கு ஒதுங்கிக் கொடுப்பதுபோல, சற்றுத் தள்ளி நின்றான்.